நீல நோட்டுப்படி ஒன்பது நாள்

ஜூன் 16

டேய் குதிரை,

சாப்பிட்டியா?

கோவத்துல இதைக் கிழிக்கிறதா இருந்தா முழுசாப் படிச்சுட்டுக் கிழி. நாள் பூரா கத்தரிக்கோல் பிடிக்கிற கைக்குப் பேனா வணங்க மாட்டேங்குது. ரொம்பக் கஷ்டப்பட்டு எழுதறேன்.

நேத்து ஞாயித்துக்கிழமை, சரியா நாலு மணிக்குப் போன் பண்ணேன். வாரத்துக்கு ஒரு தடவை, பத்தே நிமிஷம்தான் பேச விடுவாங்களாம். மூணு மணியிலிருந்தே போன் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன். நர்ஸம்மா உன்னைக் கூப்பிட்டுப் பார்த்துட்டு வந்து, "உங்க தம்பி பேச மாட்டாராம்மா"ன்னாங்க. சரி, உன் இஷ்டம். உன் செல்போனையும் ஆபீஸ்ல வாங்கி வெச்சுட்டாங்க. ஆனா கடிதத்தைத் தடுக்க யாரால முடியும்?

ஷூ வாங்கப் போலாம்னு கூட்டிட்டுப் போய் ஆஸ்பத்திரியில விட்டது தப்புதான், பச்சைப் பொய்தான். ஆனா நீ மாடிப்படியில மயங்கிக் கிடந்தப்ப உன்னைத் தூக்கினவ நான். இருபத்துமூணு வயசு ஆம்பளையை ஒத்தையாளாத் தூக்கினேன்டா. தூக்க முடிஞ்சதுதான் எனக்குப் பயமாப் போச்சு.

நெஞ்சு ரொம்ப மெதுவா அடிக்குது, இப்படியே ஓடினா ஒருநாள் நின்னுடலாம்னு டாக்டர் சொன்னார். இது சாப்பாட்டு வழியா வெளிய தெரியற மனநோய்ன்னார். "மனநோயா? இவன் நல்லாத்தானே பேசறான், பைத்தியமெல்லாம் இல்லையே"ன்னேன். உங்க மாமா என் காலை மிதிச்சார். "ஆம்பளைப் பசங்களுக்குக்கூட வருமா?"ன்னேன். இன்னொரு மிதி. கால் கட்டைவிரல் இன்னும் வீங்கியிருக்கு.

உண்மையைச் சொல்லணும்னா எனக்கு ஒண்ணும் புரியல. நல்லா சாப்பிட்டியா, தூங்கினியான்னு இருந்தா சரியாப் போற விஷயத்துக்கு எதுக்குடா பன்னெண்டு வாரம்? ஆனாலும் இரு. எனக்காக இரு.

என் பொண்ணு வாண்டு உன்னைக் குதிரை மேல வரைஞ்சிருக்கா. குதிரைக்கும் உன் மூஞ்சிதான்.

பதில் எழுது. சாப்பிட்டியா?

— அக்கா

⁂

ஜூன் 21

அக்கா,

ஒரே கடிதத்துல மூணு 'சாப்பிட்டியா'. எண்ணிட்டேன். இங்க தினம் ஆறு தடவை ஒருத்தர் எதிர்ல உட்கார்ந்து நான் சாப்பிடறதைப் பார்க்கிறார். கடிதத்துலயும் அது வேண்டாம். இனிமே கேட்டா பிரிக்காமலே திருப்பி அனுப்பிடுவேன்.

எனக்கு நோய் கிடையாது. நான் ஓட்டக்காரன், ஓட்டக்காரனுக்கு நெஞ்சு மெதுவாத்தான் அடிக்கும். அந்த டாக்டர் பஸ்ஸுக்குக்கூட ஓடியிருக்க மாட்டார்.

என் அறையில ஒரு கணக்கு வாத்தியார் இருக்கார், அம்பது வயசு. ரொட்டியை ஒரே அளவுத் துண்டா வெட்டி அடுக்கி வெச்சுட்டு உட்கார்ந்திருப்பார். அவருக்கு நோய், பார்த்தாலே தெரியுது. எதிர் மேசையில ஒரு காலேஜ் பொண்ணு. நல்லா திடமா, சிரிச்ச முகமா இருக்கா. அவளை எதுக்குச் சேர்த்தாங்கன்னு தெரியல. என்னை எதுக்குன்னும் தெரியல.

ஆகஸ்ட் 24 ஓட்டம். நாலு வருஷமா நான் காத்துக்கிட்டிருக்கிற ஓட்டம். நான் சின்னப் பையன் இல்ல, ஒரு தாள்ல கையெழுத்துப் போட்டா இங்க கதவைத் திறந்து விட்டுடுவாங்க. ஆகஸ்ட் 22ஆம் தேதி போடுவேன்.

அந்த ஷூவை நீ இன்னும் வாங்கித் தரல.

— தம்பி

⁂

ஜூன் 26

குதிரைக்கு,

அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டேன். சத்தியம். நாக்கைக் கடிச்சுக்கிட்டு எழுதறேன்.

இங்க என்ன நடந்துச்சு தெரியுமா! உன் கோச் என் தையல் கடைக்கு வந்து உன்னோட ஓட்ட நம்பர் அட்டையைக் கொடுத்துட்டுப் போனார், 412. கட்டிங் மேசையிலயே கிழிச்சுப் போட்டுடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள ஒரு கோட்டுக்குக் கை வெக்கிற வேலை வந்துடுச்சு, குனிஞ்சு தைச்சுக்கிட்டிருந்தேன். வாண்டு பின்னாடி வந்து அட்டையை என் முதுகுல குண்டூசியால குத்திட்டுப் போயிடுச்சு. எனக்குத் தெரியவே தெரியாது. கோட்டு வாங்க வந்த ஆள், "டெய்லரம்மா, ஓடப் போறீங்களா?"ன்னு ஒரு சிரிப்பு சிரிச்சார் பாரு. "ஏன், நான் ஓடக் கூடாதா?"ன்னேன். சும்மா இருந்திருக்கலாம், இந்த வாய் எங்க சும்மா இருக்குது! சாயங்காலத்துக்குள்ள தெரு முழுக்கத் தெரிஞ்சுபோச்சு.

இனி பின்வாங்கினா மானம் போயிடும். உன் ஓட்டம் நடக்கிற அதே நாள்ல யார் வேணும்னாலும் ஓடற அஞ்சு கிலோமீட்டர் ஓட்டம் ஒண்ணு இருக்காமே? பேர் கொடுத்துட்டேன்!

இப்ப ஒப்பந்தம். நீ அங்க இருக்கிற வரைக்கும் நான் ஓடுவேன். நீ கையெழுத்துப் போட்டுக் கிளம்பினா நான் அன்னைக்கே ஷூவைக் கழட்டிடுவேன். நாப்பத்தொரு வயசுல உன் அக்கா தெருவுல ஓடறதை நீ கெடுக்க மாட்டேன்னு நம்பறேன்.

முதல் நாள் பஸ் டிப்போ வரைக்கும் ஓடினேன். அதாவது, பஸ் டிப்போ கண்ணுக்குத் தெரியற வரைக்கும்.

இன்னொரு விஷயம். உன் மேசை டிராயரைச் சுத்தம் பண்ணப்ப எனக்கு ஒரு பொக்கிஷம் கிடைச்சிருக்கு. என்னன்னு இப்ப சொல்ல மாட்டேன்.

— அக்கா

⁂

ஜூலை 3

அக்கா,

நான் கோவமாத்தான் இருக்கேன். ஆனா 'கண்ணுக்குத் தெரியற வரைக்கும்' படிச்சப்ப சிரிச்சுட்டேன். வாத்தியார் பயந்து எழுந்து உட்கார்ந்துட்டார்.

நீ ஓடறது எனக்குச் சம்மதம் இல்ல. ஆனா ஓடறதுன்னு ஆயிடுச்சுன்னா ஒழுங்கா ஓடு. முதல் வாரம் ரெண்டு நிமிஷம் ஓடு, ஒரு நிமிஷம் நட. ஓடிக்கிட்டே பேச முடியணும். மூச்சு முட்டினா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம். உனக்கு இது சுலபம், நீ தூக்கத்துலயே பேசற ஆள். ஷூ முனையில ஒரு கட்டைவிரல் இடம் விட்டு வாங்கு. வீங்கின விரலை வெச்சு அளக்காத.

அந்தக் காலேஜ் பொண்ணைப் பத்தித் தெரிஞ்சுது. பீரோ மறைவுல அள்ளி அள்ளிச் சாப்பிடுவாளாம், அப்புறம் பாத்ரூம் குழாயைத் திறந்து விட்டுட்டு வாந்தி எடுப்பாளாம். ஆறு வருஷம். வீட்ல ஒருத்தருக்கும் தெரியல, ஏன்னா ஆள் பார்க்க நல்லாத்தானே இருக்கா. "இதெல்லாம் உடம்பைப் பார்த்தாத் தெரியாதுங்க"ன்னா. அப்புறம் என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு, "உங்களைப் பார்த்தாத் தெரியுது"ன்னா. எனக்கு வந்த கோவத்துக்கு எழுந்து போயிட்டேன்.

இதையெல்லாம் எதுக்கு உனக்கு எழுதறேன்னே தெரியல. 22ஆம் தேதி வரத்தான் போறேன். அதுவரைக்கும் ஓடு.

— தம்பி

⁂

ஜூலை 12

குதிரை! குதிரை! குதிரை!

நான் பறக்கிறேன்டா! பஸ் டிப்போவைத் தாண்டி ரயில் கேட் வரைக்கும் போயிட்டு வர்றேன். பொக்கிஷம் என்னன்னு சொல்லிடறேன், இனிமே தாங்காது. உன் நீல நோட்டு! அட்டையில 'பயிற்சி'ன்னு முத்து முத்தா உன் கையெழுத்து. அப்பன் பாட்டன் யாரும் ஓடாத குடும்பத்துல நீ மட்டும் எப்படி ஓடினேன்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு. உன் வழியிலயே ஓடி உன்னை அசத்தணும்னு இந்த ஒன்பது நாளா நோட்டுல போட்டிருக்கிறதை ஒரு எழுத்து பிசகாம செய்யறேன்.

முதல் பக்கமே, 'பசி வந்தா ஜெயிக்கிறேன்னு அர்த்தம்.' ஆகா, என்ன வீரம்! முதல் ரெண்டு நாள் உயிர் போச்சு. மூணாம் நாள்லேர்ந்து ஒரு ஜிவ்வுன்னு இருக்குது பாரு! 'வீட்ல கேட்டா ஆச்சுன்னு சொல்' அப்படின்னு போட்டிருக்கியே, அதையும் செய்யறேன். மத்தியான டிபன் பாக்ஸை அப்படியே கடை வாசல் நாய்க்குப் போட்டுடறேன். நாய் கொழுத்துடுச்சு. உங்க மாமாவுக்குத் தெரியாது.

தூக்கம்தான் வரல. நேத்து வாண்டு ஒரு பிஸ்கெட்டை நீட்டினப்ப தட்டி விட்டுட்டேன். ஏன்னு தெரியல. புள்ள அழுதுடுச்சு.

ஜூலை 14, அதே கடிதம்

தபால்ல போடறதுக்குள்ள அன்னைக்கே விழுந்துட்டேன். கட்டிங் மேசையில கோட்டுத் துணியை விரிச்சு அளவு போட்டுக்கிட்டிருந்தேன், சாக்பீஸ் கோடு ரெண்டா தெரிஞ்சுது, அவ்வளவுதான் ஞாபகம். மேசை விளிம்பு தாடையில இடிச்சு மூணு தையல். தையல்காரிக்கே தையல்னு டாக்டரம்மா சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல. கத்தரிக்கோல் ஒரு சாண் தள்ளித்தான் கிடந்துச்சு.

உங்க மாமா நோட்டை உட்கார்ந்து முழுசாப் படிச்சார். படிச்சு முடிச்சதும் அதை ஒரு துணியில சுத்தி பீரோவுக்கு மேல வெச்சுட்டு, முகத்தைக் கழுவப் போயிட்டார். ரொம்ப நேரம் கழுவினார்.

நான் எங்கடா தப்பு பண்ணேன்? ஓடறப்ப நீ இதையெல்லாம் எப்படித் தாங்கின?

— அக்கா

⁂

ஜூலை 17

அக்கா! அறிவிருக்கா உனக்கு?

அந்த நோட்டைத் தொடாத! யார் உன்னை அதை எடுக்கச் சொன்னது? அது பயிற்சி இல்ல! ஒரு வரிகூடப் பயிற்சி இல்ல! வெறும் வயித்துல யாராவது ரயில் கேட் வரைக்கும் ஓடுவாங்களா? உனக்குக் குழந்தை இருக்கு! கத்தரிக்கோல் மேல விழுந்திருந்தா? அது நோய் அக்கா, நோய், அதை நீ

இந்த இடத்துல பேனாவை வெச்சுட்டேன். நிமிர்ந்து பார்த்தா வாத்தியார் என்னையே பார்த்துக்கிட்டிருந்தார். கத்திக்கிட்டே எழுதியிருக்கேன் போல. அஞ்சு வாரமா டாக்டர் என் வாயிலிருந்து வரவழைக்கப் பார்த்த வார்த்தை. உனக்கு நடந்ததும் எனக்கு ஒரு நிமிஷத்துல தெரிஞ்சுபோச்சு. எனக்கு நடந்தது நாலு வருஷமாத் தெரியல.

சொல்லிடறேன். நாலு வருஷம் முன்னாடி ஒரு ஓட்டத்துல மூணு செகண்டுல தோத்தேன். கோச் எல்லார் முன்னாடியும் என் வயித்தைக் கிள்ளி, "இந்தப் பையைத் தூக்கிட்டு ஓடினா எப்படிப்பா?"ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். அன்னைக்கு ராத்திரி நோட்டு வாங்கினேன். முதல்ல ஜெயிக்கத்தான் எழுதினேன். அப்புறம் ஜெயிச்சாலும் நிறுத்த முடியல. தலைக்குள்ள ஒரு ஆள் உட்கார்ந்துக்கிட்டான். ஒரு வாய் வெச்சா, 'நீ எதுக்கும் லாயக்கில்ல'ம்பான். வெக்கலேன்னா அஞ்சு நிமிஷம் சும்மா இருப்பான். அந்த அஞ்சு நிமிஷத்துக்காகத்தான் எல்லாம்.

உன் மேலயும் எனக்குக் கோவம் இருக்கு, சொல்லிடறேன். மாசாமாசம் என் பேண்ட்டை இடுப்புல பிடிச்சுத் தைச்சுக் கொடுத்த. வாயில குண்டூசியை வெச்சுக்கிட்டு, "எனக்கு வேலை வெக்கறியேடா, சினிமா ஹீரோ மாதிரி ஆயிட்ட"ன்ன. ஒவ்வொரு குண்டூசிக்கும் அவன் தலைக்குள்ள கை தட்டினான்.

நோட்டைக் கிழிக்காத. கிழிச்சா மறுபடி எழுதிடுவேன், மனப்பாடம். டாக்டர் கையில கொடு.

வாண்டுகிட்ட மன்னிப்புக் கேள். தாடை வலிக்குதா?

— தம்பி

⁂

ஜூலை 24

தம்பி,

தாடை பரவாயில்ல. வாண்டு மன்னிச்சுட்டா, அபராதம் ஒரு பாக்கெட் பிஸ்கெட். ஆளுக்குப் பாதி சாப்பிட்டோம்.

நேத்து புதன்கிழமை ஆஸ்பத்திரியில நடந்த குடும்பத்துக்காரங்க கூட்டத்துக்கு நாங்க ரெண்டு பேரும் வந்தோம். நீ மேல் மாடியில இருந்த, தெரியும். நோட்டை டாக்டர் கையில கொடுத்துட்டேன்.

குண்டூசியைப் பத்தி நீ எழுதினதைப் பத்துத் தடவை படிச்சேன். உன் அளவைச் சாக்பீஸால எழுதி எழுதி அழிச்சவ நான்தானே. ஊர்ல ஒருத்தர் இடுப்பு அரை இஞ்ச் மாறினாலும் எனக்குத் தெரியும், சொந்தத் தம்பி கரையறது தெரியல. தெரியலன்னும் சொல்ல முடியாது. தெரிஞ்சுது, அழகுன்னு நினைச்சேன். அதை டாக்டர்கிட்டச் சொல்லி அழுதேன். ஒரு சொல்லாலயோ ஒரு ஆளாலயோ மட்டும் இது வர்றதில்ல, பல விஷயம் சேர்ந்து வரும், இப்ப குத்தவாளி தேடறதைவிட கூட நிக்கிறதுதான் வேலைன்னார். நான் அரை மனசாத்தான் ஒத்துக்கிட்டேன். மன்னிச்சுடுடா.

ஆனா உன்கிட்ட மட்டும் ஒண்ணு சொல்லணும். அந்த ஒன்பது நாள்ல நான் புருஷன்கிட்டப் பொய் சொன்னேன். மத்தியானம் ஆக ஆக டிபன் பாக்ஸைப் பார்த்து எனக்குப் பயம் வந்துச்சு, பாம்பு இருக்கிற மாதிரி. நாய் தின்னு முடிச்சதும் ஒரு சந்தோஷம்! ஒன்பது நாள்ல எனக்கே இப்படின்னா உனக்கு எப்படி இருந்திருக்கும்னு டாக்டர்கிட்டக் கேட்டேன். "உங்களுக்கு வந்தது பட்டினி செஞ்ச கூத்தும்மா. விழுந்ததும் பயந்தீங்க, நிறுத்திட்டீங்க. அவருக்கு நிறுத்தினாத்தான் பயம் வரும்"ன்னார். அந்த வார்த்தையில எனக்கு எல்லாம் விளங்கிடுச்சு. உன்னைப் போய் 'ரெண்டு வேளை நல்லா சாப்பிடு'ன்னு சொன்னேனே, முட்டாள். இவ்வளவு பயத்தோட தினம் ஆறு தடவை மேசைக்கு வந்து உட்கார்றியே, உனக்கு எவ்வளவு தைரியம் இருக்கணும்!

இப்ப நான் எப்படி ஓடணும்? ஒழுங்கா, ஆள் ஓடற மாதிரி, நீயே எழுதிக் கொடு.

— அக்கா

⁂

ஆகஸ்ட் 8

அக்கா,

இதோ உன் புதுத் திட்டம், பின் பக்கத்துல. ஓடறதுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாடி என்ன, ஓடி முடிச்சதும் என்னன்னு எல்லாம் போட்டிருக்கேன். ரொட்டி, முட்டை, வாழைப்பழம், ஒரு டம்ளர் பால். ஒண்ணைக்கூட நாய்க்குப் போடக் கூடாது!

அதை எழுதிட்டிருக்கும்போது நர்ஸம்மா எட்டிப் பார்த்துட்டு, "அட, பிரமாதமா இருக்கே. எழுதினவர் இதைச் சாப்பிடுவாரா?"ன்னாங்க. வாத்தியார் கத்தியைக் கீழ வெச்சுட்டார். அக்காவுக்குக் கொடுக்கிறதை நாம தின்னா என்னன்னு தோணுச்சு. சாப்பிட்டேன்! முட்டையை மட்டும் பாதியில விட்டுட்டேன். அந்த ஆள் தலைக்குள்ள கத்திக்கிட்டே இருந்தான். "இரு, முடிச்சுட்டு வர்றேன்"ன்னேன். காலேஜ் பொண்ணு மேசையில தாளம் போட்டா.

எல்லா நாளும் அப்படின்னு நினைச்சுடாத. செவ்வாய்க்கிழமை ரொட்டியை சாக்ஸுக்குள்ள ஒளிச்சேன். ஒரு மணி நேரம் கழிச்சு நானே போய் நர்ஸம்மாகிட்டச் சொன்னேன். திட்டல. அதுக்குத்தான் அழுகை வந்துச்சு.

இன்னொரு விஷயம். நேத்து கோச் வந்தார். "பாரு, முகம் தெளிஞ்சுடுச்சு. ஒரே ஒரு நாள் ஓடிட்டுத் திரும்பி வந்துடேன், யார் தடுக்கப் போறாங்க?"ன்னார். இன்னும் நெஞ்சு சரியாகல, ஓடவே கூடாதுன்னு டாக்டர் சொல்றார். எனக்கு ரெண்டு காதுலயும் ரெண்டு பேச்சு. கையெழுத்துப் போடற தாளை ஆபீஸ்ல வாங்கிட்டேன். தலையணைக்கு அடியில இருக்கு.

பொய் சொல்ல விரும்பல அக்கா. என்ன செய்வேன்னு எனக்கே தெரியல.

— தம்பி

⁂

ஆகஸ்ட் 13

தம்பி,

உன் கடிதம் வந்ததும் வண்டி பிடிச்சு வந்து கதவை மறிச்சுப் படுத்துடலாம்னு கிளம்பினேன். உங்க மாமா என் ஷூவை ஒளிச்சு வெச்சுட்டார்.

இப்ப யோசிச்சு எழுதறேன். ஒப்பந்தம் ரத்து. நீ இருந்தாலும் ஓடுவேன், வந்தாலும் ஓடுவேன். உன்னைக் கட்டிப்போடறதுக்காக ஆரம்பிச்சேன், அது இன்னொரு ஷூக் கடைப் பொய் மாதிரிதான். இப்ப எனக்கே ஓடப் பிடிச்சிருக்கு. உன் திட்டப்படி வயித்துக்குப் போட்டுட்டு ஓடறேன், ரயில் கேட்டைத் தாண்டி பால் பண்ணை வரைக்கும் போறேன், அன்னைக்கு ஓட்டமும் அதே வழிதானாம், போற வழியில பார்க்கிறவங்க எல்லார்கிட்டயும் பேசறேன்!

உனக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா நான் தாங்க மாட்டேன். இது மிரட்டல் இல்ல, உண்மை. நீ ஓடினாத்தான் என் தம்பின்னு யார்டா சொன்னது? நீ பொறந்தப்ப ஓடவா செஞ்ச? அழுதுக்கிட்டுக் கிடந்த. அப்பவே எனக்கு உன்னைப் பிடிச்சுப்போச்சு.

தாள் உன் கையில. முடிவும் உன் கையில.

— அக்கா

⁂

ஆகஸ்ட் 24, ஞாயிறு, காலை

அக்கா,

இப்ப மணி எட்டு. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே எழுதறேன். உன் ஓட்டம் ஆரம்பிச்சிருக்கும். என் ஓட்டம் ஆறு மணிக்கே நான் இல்லாம ஆரம்பிச்சுடுச்சு.

22ஆம் தேதி பூரா தாளை எதிர்ல வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் பின்பக்கம் வெத்துத் தாளா இருந்ததைப் பார்த்து, உன் ஓட்டப் பாதையை வரைஞ்சேன். டிப்போ, ரயில் கேட், பால் பண்ணை. அதைத்தான் இப்ப மேசை நடுவுல விரிச்சு வெச்சிருக்கோம். வாத்தியார் ஒரு பட்டனை நகர்த்தறார், அதுதான் நீ. நிமிஷத்துக்கு எவ்வளவு தூரம்னு கணக்குப் போடறது அவர் பொறுப்பு. காலேஜ் பொண்ணு கத்தறா, "அக்கா, கேட் போட்டுடுவாங்க, சீக்கிரம்!"

எனக்கு முன்னாடி தட்டு இருக்கு. ரொட்டி, முட்டை, வாழைப்பழம், பால்.

எட்டு இருபது. வாத்தியார் சொல்றார் நீ கேட்டைத் தாண்டியிருப்பேன்னு. அழுதுக்கிட்டேதான் சாப்பிடறேன், இப்ப ஓடியிருக்கலாமேன்னு இருக்கு. இருந்தும் சாப்பிடறேன்.

எட்டு நாப்பத்தெட்டு. எல்லாரும் எழுந்து போயாச்சு, தட்டை எடுக்கிறவங்க காத்துக்கிட்டிருக்காங்க. மேசையில நான்தான் கடைசி. பட்டன் வந்து சேர்ந்துடுச்சு அக்கா. தட்டுல ஒண்ணும் இல்ல. முட்டையும் இல்ல!

நாலு மணிக்குப் போன் பண்ணுவியா? ஒவ்வொரு வாரமும் பண்ற, தெரியும். ஒவ்வொரு வாரமும் நான் படிக்கட்டுல உட்கார்ந்து மணி அடிக்கிறதைக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்.

— தம்பி

⁂

ஆகஸ்ட் 25

என் தங்கக் குதிரைக்கு,

நேத்து பத்து நிமிஷத்தையும் அழுதே தீர்த்துட்டேன். வாய் ஓயாத எனக்கு ஒரு வார்த்தை வரல, உங்க மாமா இன்னும் சிரிக்கிறார். அதனால போன்ல சொல்ல வேண்டியதை எழுதறேன்.

நான் கடைசிடா! எனக்குப் பின்னாடி ஆம்புலன்ஸ் மட்டும்தான், அதுவும் நடந்து வர்ற வேகத்துல. டிரைவர் ஜன்னல் வழியா, "அம்மா, ஏறிக்கிறீங்களா?"ன்னார். "உங்களுக்கு அவசரம்னா நீங்க முன்னாடி போங்க"ன்னேன். ரயில் கேட் போட்டுட்டாங்க! நின்னேன். கேட்கீப்பர்கிட்ட உன்னைப் பத்திச் சொன்னேன், என் தம்பிக்கு ஒரு நோய், தினம் ஆறு தடவை அதோட மல்லுக்கட்டி ஜெயிக்கிறான்னு. முன்னெல்லாம் 'அவன் வெளியூர் போயிருக்கான்'னுதான் சொல்லுவேன். கேட் திறந்ததும் அவர் சல்யூட் அடிச்சார். எனக்கா உனக்கான்னு தெரியல.

முடிவுக் கோட்டுல வாண்டு மட்டும் நின்னு, கூட்டமே நிக்கிற மாதிரி கத்துச்சு. உன் 412 அட்டை டிராயர்ல பத்திரமா இருக்கு. அதைப் பத்தி டாக்டர் பேசற அன்னைக்குப் பேசிக்கலாம்.

அப்புறம், நீ வர்றதுக்குப் புதுப் பேண்ட் தைக்கிறேன். இடுப்புக்கு நாடா வெச்சுட்டேன். டேப்பை எடுக்கவே போறதில்ல.

நேத்து நாலு மணிக்கு நீ போனை எடுத்த. எடுத்ததும் நான் நாக்கைக் கடிச்சுக்கிட்டேன், அந்தக் கேள்வி வந்துடக் கூடாதேன்னு. ரெண்டு மாசமாக் கடிச்சுக் கடிச்சு நாக்கே பழகிப்போச்சு. அப்ப நீ கேட்ட. கரகரன்னு, சின்னப் புள்ளையில பேசற மாதிரி, "அக்கா, ஓடிட்டு வந்து சாப்பிட்டியா?"

அதுக்குத்தான்டா அழுதேன். பதிலே சொல்லல. இப்ப சொல்றேன்.

சாப்பிட்டேன்டா தம்பி. ஒண்ணு விடாம, நீ எழுதிக் கொடுத்த மாதிரியே சாப்பிட்டேன்.

— அக்கா